எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது?

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் இந்த உரையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டுகிறேன். எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், மலேசியாவில் 2010 முதல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். இந்தக் காய்ச்சலில் சிலருக்குச் சிறுநீரகம் சில நாளில் செயலிழக்கிறது. கிருமி பாதி காரணம் என்றால், அதை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் மீதிக் காரணம்.

எலியின் சிறுநீரகத்தில் இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். எலி கழிக்கும் சிறுநீரோடு வாய்க்காலிலும் சேற்றிலும் கலக்கும். உதிர்ந்த செம்பனைப் பழத்தை வெறுங்கையால் பொறுக்கும்போதும், முள் கிழித்த காலோடு தேங்கிய நீரில் இறங்கும்போதும், காயத்தின் வழியாக இரத்தத்தில் ஏறிவிடும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலிக்கும். கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள்.

இனி சிறுநீரகத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நுண்குழாய். வடிந்த நீரில் உடம்புக்குத் தேவையான உப்பையும் தண்ணீரையும் இந்தக் குழாய்தான் மீட்டுக் கொடுக்கிறது. குழாயின் சுவரில் இருக்கும் அணுக்களுக்குக் கிருமியை மோப்பம் பிடிக்கும் உணரிகள் உண்டு. டிஎல்ஆர்-2 என்பது அவற்றில் ஒன்று. எலிக்காய்ச்சல் கிருமியின் மேலுறைப் புரதம் அதில் பட்டதும், குழாய் அணுவே அபாயச் செய்தி அனுப்பி வெள்ளணுக்களை அழைக்கிறது. வந்தவை குழாய்களுக்கு இடையில் குவிகின்றன, அந்த இடம் வீங்குகிறது. வீக்கம் அருகிலுள்ள மெல்லிய இரத்த நாளங்களை நெருக்குகிறது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போனாலும், அதன் உட்பகுதி எப்போதுமே குறைந்த ஆக்சிஜனில்தான் காலம் தள்ளுகிறது. நாளம் கொஞ்சம் நெரிந்தாலும் அங்குள்ள அணுக்கள் செத்துவிழும். செத்த அணுக்களிலிருந்து சிதறும் பொருள்கள் இன்னும் பல வெள்ளணுக்களை இழுத்து வரும். கிருமி குறைந்த பிறகும் சேதம் தொடர்வது இதனால்தான்.

இங்கே ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. சிறுநீரகம் கெட்டால் சிறுநீர் நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். எலிக்காய்ச்சலின் தொடக்கத்தில் பலருக்கு அது நன்றாகவே போகும். உப்பை மீட்கும் வேலை தடைபடுவதால் பொட்டாசியமும் கூடவே வெளியேறிவிடும். கால் துவளும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆகவே சிறுநீர் போகிறதே என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள், இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும்; அது சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. 48 மணி நேரத்தில் அது லிட்டருக்கு 26.5 மைக்ரோமோல் கூடினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். சிறுநீர் குறைகிறவர்களுக்கு இன்னோர் அளவும் உண்டு: 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 180 மில்லிலிட்டருக்கும் குறைவாகப் போனால் ஆபத்து.

வெள்ளணுக்களை எதிரியாகவும் பார்க்க முடியாது. முதல் நாளிலேயே நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள் குவிந்துவிடும், சேதத்தில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் என்ற வகை வெள்ளணுக்கள் முதலில் கடுமையாகத் தாக்கினாலும், சில நாளில் குணம் மாறிக் குப்பையை விழுங்கிப் பழுது பார்க்கத் தொடங்குகின்றன. தப்பிப் பிழைத்த குழாய் அணுக்களும் பெருகி இடத்தை நிரப்புகின்றன. பாதிப்பு நீடித்தால் மட்டும் இந்தப் பழுதுபார்ப்பு தடம் மாறித் தழும்பில் முடியும். தழும்பான இடம் மறுபடி வேலை செய்யாது.

அப்படியானால் நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து எல்லாவற்றையும் அடக்கிவிடலாமே என்று கேட்பார்கள். எது தூண்டியது என்பதைப் பொறுத்தது அது. எலிக்காய்ச்சலில் கிருமிக்கொல்லிதான் முதல் மருந்து, ஸ்டீராய்டு வழக்கமான சிகிச்சை அல்ல. ஒரு மாத்திரை ஒவ்வாமல் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் சிறுநீரகத்தைத் தாக்கும் இன்னொரு வகைப் பாதிப்பில், அந்த மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு கொடுப்பது பலருக்குக் கைகொடுக்கும். பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்து 3 முதல் 6 வாரம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போவது வேறொரு வகை. அதில் பெரும்பாலும் உப்பையும் நீரையும் குறைத்து, இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினாலே போதும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை. உடம்பு வலிக்கிறதென்று பொன்ஸ்தான், வோல்டாரென் போன்றவற்றை விழுங்குகிறோம். வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் நாளத்தைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இந்த மாத்திரைகள் அதைத் தடுத்துவிடும். வெயிலில் வேர்த்து, வாந்தியும் எடுத்து, உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இது சிறுநீரகத்தின் கழுத்தை நெரிப்பது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அளவோடு போதும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், வாந்தி பேதி இருக்கும் நாளில் எதைத் தற்காலிகமாக நிறுத்தலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

காய்ச்சல் இரண்டாம் நாளைத் தாண்டினால் கிளினிக்குக்குப் போங்கள். "தோட்ட வேலை, காலில் காயம், தேங்கிய தண்ணீரில் இறங்கினேன்" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிரணுக்களைத் தேடும் இரத்தப் பரிசோதனை முதல் சில நாளில் நோய் இல்லை என்று காட்டலாம், அதனால் மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். லேசான நோய்க்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள் என்பது வழக்கம். குணமானதுபோல் தெரிந்தாலும் 7 நாளும் முடிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வேறு மருந்து. நோய் முற்றியவர்களுக்கு ஊசி வழியாக பெனிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ ஏற்றுவார்கள். டயாலிசிஸ் தேவை என்றால் தயங்காதீர்கள். எலிக்காய்ச்சலில் அது பெரும்பாலும் சில நாளுக்குத்தான், பலருக்குச் சிறுநீரகம் மீண்டுவிடும்.

வீடு திரும்பியவர்கள் 3 மாதம் கழித்து ஒரு தடவை கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே தழும்பு விழுந்திருந்தால் வலி எதுவும் இருக்காது, அந்த இரண்டு பரிசோதனையில்தான் தெரியவரும்.