ரஸ்கோல்னிகோவ் ஜன்னலில் வைத்த காசு

அவையோருக்கு என் வணக்கம்.

1866இல் வெளிவந்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும், நாயகன் ரஸ்கோல்னிகோவ் ஓர் அடகுக் கிழவியைக் கொல்லும் கோடரியிலிருந்தே தொடங்குவார்கள். நான் ஒரு ரூபிளிலிருந்து, அந்த ரஷ்ய நாணயத்திலிருந்து தொடங்குகிறேன். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் படியிறங்கும் ரஸ்கோல்னிகோவ், காலமான தன் தந்தையின் வெள்ளிக் கடிகாரத்தை அடகுக் கிழவி அல்யோனா இவானோவ்னாவிடம் கொண்டுபோய் 4 ரூபிள் கேட்கிறான். அவள் மதிப்பதோ ஒன்றரை ரூபிள். அதிலும் இந்தக் கடனுக்கும் முந்தைய கடனுக்கும் ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்) என்று வட்டியைப் பிடித்துக்கொண்டு, 1 ரூபிள் 15 கோபெக்கை எண்ணித் தருகிறாள்.

அந்தக் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். குடியால் வேலையிழந்த மர்மெலாதோவை மதுக்கடையிலிருந்து வீட்டில் கொண்டுவிடப் போனவன், அங்கே காசநோயால் இருமும் மனைவியையும் பசித்த குழந்தைகளையும் கண்டு, ரூபிளை மாற்றியதில் கிடைத்த செப்புக்காசுகளை யாருக்கும் தெரியாமல் ஜன்னலில் வைத்துவிட்டு வெளியேறுகிறான். படியிறங்கும்போதே மனம் முரண்டுகிறது: அவர்களுக்குத்தான் தன்னையே விற்றுச் சோறு போடும் மர்மெலாதோவின் மகள் சோனியா இருக்கிறாளே, இந்தக் காசு எனக்கல்லவா வேண்டும்! திரும்பப் போய் எடுக்க வழியில்லை. வழி இருந்தாலும் எடுத்திருக்க மாட்டான், அது அவனுக்கே தெரியும்.

என்னைப் பொறுத்தவரை, இந்த நாவலின் அறப்போராட்டம் முழுவதும் அந்தப் படிக்கட்டிலேயே நடந்துவிடுகிறது. கை முதலில் கொடுத்துவிடுகிறது, அறிவு பின்னால் வந்து கணக்குக் கேட்கிறது. அதே அறிவுதான், ஒரு கிழவியின் உயிரை ஒரு தட்டிலும் நூறு பேரின் வாழ்வை மறுதட்டிலும் வைத்து நிறுக்கத் துணிகிறது. எவருக்கும் தீங்கு நினைக்காத, கிழவியின் தங்கை லிசவேத்தா அந்த நேரத்தில் வீடு திரும்பி, அதே கோடரிக்குப் பலியாவாள் என்பது அந்தத் தராசுக்குத் தெரியாமல் போயிற்று.

வறுமைதான் அவனைக் கொலைகாரனாக்கியது என்பாருக்கு அவனே பதில் சொல்லியிருக்கிறான்: பசிக்காக மட்டும் கொன்றிருந்தால் இப்போது மகிழ்ச்சியோடு இருந்திருப்பேன் என்று சோனியாவிடம் கதறுகிறான். அதற்காக வறுமையைக் குற்றமற்றதென்று விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. தாழ்ந்த கூரையும் குறுகிய அறையும் உள்ளத்தையும் அறிவையும் நெருக்கிவிடும் என்று அவளிடமே அவன் சொல்கிறான்; வறுமை அவனுக்குக் கோடரியைத் தரவில்லை, ஆனால் அந்த எண்ணத்தோடு அவனைத் தனியே அடைத்துவைத்தது.

கொள்ளையடித்த பணப்பையை அவன் ஒரு கல்லுக்கடியில் புதைத்துவிட்டு, திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே எவ்வளவு இருந்தது என்று அவனுக்குத் தெரியாததை விசாரித்தவர்களால் நம்ப முடியவில்லை. எண்ணிப் பார்த்தபோது 317 ரூபிளும் மூன்று 20 கோபெக் நாணயங்களும் இருந்தன. மேலே கிடந்த பெரிய நோட்டுகள் சில ஈரத்தில் கெட்டுப்போயிருந்தன.