221 வருஷத்துக்கு ஒரு முறை சந்திக்கும் பூச்சிகள்! பகா எண் புரிய 13 புளியங்கொட்டை போதும்

[திரையில்: மரம் முழுக்கச் சிள்வண்டுகள். காதைத் துளைக்கும் சத்தம்.]

பதினேழு வருஷம் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டு, திடீரென்று கோடிக்கணக்கில் வெளியே வரும் சிள்வண்டு அமெரிக்காவில் இருக்கிறது. இன்னொரு வகை பதின்மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வரும். அது ஏன் 13, ஏன் 17? 12, 18 என்று ஏன் இல்லை? விடை உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

வணக்கம் பிள்ளைகளே! அம்மாவிடம் கேட்டு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்து வாருங்கள். இல்லையென்றால் கொண்டைக்கடலை. வீடியோவை நிறுத்திவிட்டே போகலாம்.

[திரையில்: சிமெண்ட் தரை. 12 புளியங்கொட்டைகள்.]

வந்தாச்சா? 12 கொட்டையை எண்ணி வையுங்கள். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். வரிசைக்கு 6 வைத்தால் இரண்டு வரிசை. 4 வைத்தால் மூன்று வரிசை. கடலை மிட்டாய்க் கட்டி மாதிரி அழகான செவ்வகம்.

இப்போது இன்னும் ஒரே ஒரு கொட்டை. மொத்தம் 13. இரண்டு இரண்டாக வைத்தால் ஒன்று மிச்சம். மூன்று மூன்றாக வைத்தாலும் ஒன்று மிச்சம். நான்கிலும் அப்படியே. ஐந்தில் மூன்று மிச்சம். ஆறில் மறுபடியும் ஒன்று. எப்படி அடுக்கினாலும் செவ்வகம் வராது. கடைசியில் பதின்மூன்றையும் ரயில் வண்டி மாதிரி ஒரே நீள வரிசையில்தான் வைக்க முடியும்.

இப்படி அடம்பிடிக்கிற எண்தான் பகா எண். பகு என்றால் பிரி. பகா என்றால் பிரிக்க முடியாத. செவ்வகமாக உட்கார்ந்ததே அந்த 12, அது பகு எண். பெரிய வகுப்பு அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், தமிழ் இலக்கணத்தில் பகுபதம், பகாப்பதம் என்று படித்திருப்பார். அதே சொல்தான் இங்கேயும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்" என்ற வரியை முதல் நாளே ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். கை கொட்டையைத் தொடட்டும், வரையறை அப்புறம் தானாக வரும்.

சரி, 1 பகா எண்ணா? இல்லை. ஓர் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்தான் அதன் காரணி. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும், 1க்கு ஒன்றுதான். பகு எண்ணும் இல்லை. இரட்டை எண்களில் 2 மட்டும் பகா எண். 100 வரை மொத்தம் 25 பகா எண்கள்; அவற்றைச் சலித்தெடுக்க இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் ஒரு சல்லடை முறை சொன்னார். அதற்குத் தனி வீடியோவே போட வேண்டும்.

[திரையில்: மீண்டும் சிள்வண்டு.]

இனி எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இந்தச் சிள்வண்டுக் குஞ்சுகள் மண்ணுக்குள் வேரின் சாற்றை உறிஞ்சி வளரும். 3 வருஷத்துக்கு ஒரு முறை பெருகுகிற ஓர் எதிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிள்வண்டு 12 வருஷத்துக்கு ஒரு முறை வந்தால், ஒவ்வொரு தடவையும் அதன் வாயில்தான் போய் விழும். 13 வருஷத்துக்கு ஒரு முறை வந்தால்? 13இல் எதிரி இல்லை. 26இல் இல்லை. 39இல்தான் மாட்டும். இரண்டு தடவை தப்பியாச்சு! பகா எண் கிடைத்ததற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

2024இல் 13 வருஷக் கூட்டம் ஒன்றும் 17 வருஷக் கூட்டம் ஒன்றும் ஒரே வருஷத்தில் வெளியே வந்தன. அந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல்! நம் நாட்டில் ரயிலே ஓடாத காலம். 13ஐ 17ஆல் பெருக்குங்கள், 221. இதுவே 12, 18 என்று இருந்திருந்தால் 36 வருஷத்துக்கு ஒரு முறை சந்தித்திருக்கும். இனி அடுத்த சந்திப்பு 2245இல்.

[திரையில்: 91]

இப்போது உங்கள் வேலை. 91 பகா எண்ணா? கொட்டையை அடுக்கிப் பார்த்துவிட்டு, அம்மா அப்பாவைக் கமெண்ட்டில் எழுதச் சொல்லுங்கள். 2, 3, 5 மூன்றிலும் ஒரு கொட்டை மிஞ்சும். அதோடு நிறுத்திவிடாதீர்கள்!