தூபாகூத்தாவில் சேற்றில் கால் வைத்த கதை

(சிதம்பரத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைமை வகிக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலிருந்து மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைக் கொடுத்திருக்கும் ஜவுளிக்கடை முதலாளி அவர்களே, கிள்ளையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் என் பழைய மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம். முதலாளி ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. போன கூட்டத்தில் மின்விசிறி ஓடவில்லை என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்து, இன்று நான்கு புது விசிறிகள் சுற்றுகின்றன. அப்புறம் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஐயா, தாமதமாக வந்தாலும் நீங்கள் முன்வரிசைக்கு வரத்தான் வேண்டும். உங்களுக்கென்று ஒரு செய்தி வைத்திருக்கிறேன்.

நான் பார்த்த ஊரின் பெயர் தூபாகூத்தா. மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டில், சலூம் கழிமுகத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று ஊர், இரண்டு அதன் சதுப்புக்காடு, மூன்று சாப்பாடு. எல்லாவற்றுக்கும் முன்னால், 'சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்கலாம்.' சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முப்பது வருஷம் இதைச் சொல்லியே பாடம் நடத்தினேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் 'சேறு டீச்சர்' என்றே பெயர்.

என் மகனுக்குத் தலைநகர் டாக்காரில் வேலை. அவனும் மருமகளும் என்னைக் காரில் அழைத்துப் போனார்கள். வழியில் கவோலாக் என்ற பெரிய ஊர். நிலக்கடலை வியாபாரத்துக்கும் உப்பளத்துக்கும் பேர்போனது. அதைத் தாண்டி காம்பியா எல்லையைப் பார்த்துத் தெற்கே போனால் தூபாகூத்தா. தெருவெல்லாம் மணல், ஆங்காங்கே பருத்த பாவோபாப் மரங்கள், மரத்தடியில் ஆடுகள். யார் வீட்டு வாசலில் நின்றாலும் சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்துவிடும். மூன்று சுற்று வரும். முதல் சுற்று கசப்பு, மூன்றாவது பாயசம். நடுவில் எழுந்து போனால் கோபித்துக்கொள்வார்கள். இந்த உபசாரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'தெராங்கா'. ஊரைப் பற்றி இது போதும், ஊர் என்னவோ சின்னதுதான்.

காடுதான் பெரிது. சலூம், தியோம்போஸ், பாந்தியாலா என்று ஆற்றுக்கு மூன்று கைகள். அவை கடலைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர் கழியும் தீவும் சதுப்புக்காடும். 2011இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. காட்டுக்காக மட்டும் அறிவிக்கவில்லை, சிப்பிக்காகவும்தான். தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடு மலைமலையாய்க் குவிந்து கிடக்கிறது. அப்படி 218 மேடுகளை எண்ணியிருக்கிறார்கள். சில மேடுகள் பல நூறு மீட்டர் நீளம். 28 மேடுகளில் பழைய காலத்து ஈமமேடுகள் உண்டு. அதன் மேல் பாவோபாப் மரம் வளர்ந்து நிற்கிறது. எச்சில் ஓட்டைக் கொட்டியே தீவு கட்டிய ஜனங்கள்! கொட்டியவர்களில் பாதிக்கு மேல் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அங்கே இன்றைக்கும் சிப்பி எடுப்பது பெண்கள்தானே.

சரி, இப்போது என் மானம் போன கதை.

முதல் நாள் சந்தையில் மருமகள் ஒரு பாடம் எடுத்தாள். அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றும் துணிக்குப் பிரெஞ்சில் 'பாஞ்' என்று பெயராம். மனதில் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலை எங்கள் வழிகாட்டிப் பையன் வந்து, "பெண்களெல்லாம் பாஞ் எடுக்கப் போகிறார்கள், நீங்களும் வருகிறீர்களா அம்மா?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான். துணி எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். துணிக்கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் பெண்பிள்ளை உண்டா? முதலாளி ஐயா தலையாட்டுகிறார், பாருங்கள். பெட்டியில் இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கைப்பையில் பணமும் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

படகில் ஏற்றினார்கள். கடை அக்கரையில் இருக்கும்போலும் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் கண்டல் என்ற சதுப்புக்காட்டு மரத்தின் வேர்கள் நண்டுக்கால் மாதிரி தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. வேரெல்லாம் சிப்பி அப்பிக் கிடக்கிறது. அரைமணி நேரம் போயிற்று, கடையைக் காணோம். கடல்நீர் வற்றம் ஆரம்பித்து ஒரு சேற்றுத்திட்டு வெளியே தெரிந்ததும் படகை நிறுத்தி, எல்லோரும் வாளியும் கையுமாகக் குதித்துவிட்டார்கள். நானும் இறங்கினேன். அவ்வளவுதான். முழங்கால் வரைக்கும் உள்ளே. காலைத் தூக்கினால் செருப்பு போயிற்று, இன்னொரு காலைத் தூக்கினால் இன்னொரு செருப்பு, அப்புறம் புடவைக் கொசுவம். சுற்றி நின்ற பதினைந்து பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா?

என் வயதுக்கு மேல் இருக்கும், ஒரு பாட்டி வந்தாள். கையைப் பிடித்து இழுக்கவில்லை. என் தோளை அழுத்தி முட்டி போடச் சொன்னாள். குதிகாலை லேசாகத் திருகிக் காட்டினாள். அப்படித் திருகினால் சேறு தானாகவே காலை விடுகிறது! பிறகு தன் இடுப்பில் இரண்டாவதாகச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எனக்குக் கட்டிவிட்டு, என் புடவையைச் சுருட்டிப் படகில் எறிந்தாள். அப்புறம் சேற்றில் கையை விட்டு ஒரு சிப்பியை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாஞ்" என்றாள். அவர்கள் ஓலோஃப் மொழியில் அந்தச் சிப்பிக்கும் அதே பெயர். நான் பாஞ் வாங்கப் போனேன், பாஞ் கட்டிக்கொண்டு பாஞ் பொறுக்கினேன்!

அவர்கள் கண்ணால் தேடுவதே இல்லை. விரலால் துழாவி, ஓடு தட்டுப்பட்டதும் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது ஏழு. கடல்நீர் மறுபடி ஏறியதும் படகில் திரும்பும்போது என் வாளியைப் பார்த்தேன், ஒரு படி இருந்தது. யார் போட்டார்கள் என்று பாட்டியைப் பார்த்தால் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தமிழ்த்துறை ஐயாவுக்கான செய்தி இதுதான். அந்தக் கழிமுகத்துக்கு வடக்கே ழோவால் என்ற கடற்கரை ஊரில் 1906இல் பிறந்தவர் கவிஞர் செங்கோர். செனகலின் முதல் குடியரசுத் தலைவர். 1974இல் சென்னைக்கு வந்து உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் ஆப்பிரிக்கப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் சேர்த்துப் பேசினார். நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் ஐயா டாக்காருக்கே போய்ப் பணியாற்றியவர். முதலாளி ஐயாவுக்கும் ஒன்று: புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த 'கினே' துணி கப்பலேறிப் போய், வடக்கே செனகல் ஆற்றங்கரையில் பிசின் வியாபாரத்தில் பணமாகவே புழங்கியது. இதை ஒரு தனிக் கூட்டம் போட்டுத்தான் பேச வேண்டும்.

காட்டுக்கு வருகிறேன். 1970களில் அங்கே மழை பொய்த்தது. நம் ஆறுகளில் மேலே போகப் போகத் தண்ணீர் இனிக்கும். சலூமில் மேலே போகப் போக உப்பு ஏறும், கடலைவிட அதிகமாக. கண்டல் காடு பரப்புப் பரப்பாகச் செத்து, வெறும் உப்புத்தரை ஆயிற்று. 1987இல் சாங்கோமார் என்ற மணல்நாக்கைக் கடல் அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது. பிறகு ஜனங்களே மரம் நட இறங்கினார்கள். கண்டலுக்கு ஒரு வசதி, விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். பொறுக்கி வந்து சேற்றில் செருக வேண்டியதுதான். தூபாகூத்தாவுக்கு எதிரே பாம்பூங் என்றொரு கழி. கழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'போலோங்'. சுற்றியுள்ள 14 கிராமங்கள் பேசிவைத்து அங்கே மீன் பிடிப்பதை நிறுத்தின. 2004இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது. மீன் திரும்பி வந்தது.

திரும்பி வந்த மீனைப் பற்றிப் பேராசிரியர் அம்மா நன்றாகச் சொல்வார். நான் சொல்ல நினைப்பது வேறு. அந்தப் பக்கத்துப் பெண்கள் குழுவாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். சிப்பியை அவித்து, காயவைத்து, குழுவின் பேரில் விற்கிறார்கள். வேரை வெட்டாமல் சிப்பியை மட்டும் பெயர்த்தெடுக்க வேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது.

இங்கே, நம் பிச்சாவரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் இறால் தடவுகிறார்களே இருளர் பெண்கள், அவர்களுக்கு என்ன பெயர்? படகும் வலையும் இருந்தால் மீனவர் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். என் மாணவி ஒருத்தி மீனவர் அட்டை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஆறு தடவை போனாள். "படகு எண் என்ன?" என்று கேட்டார்களாம். அவள் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டியிருக்கிறாள். அவள் இந்த அரங்கில்தான் இருக்கிறாள். சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்கலாம் என்று முப்பது வருஷம் அவளுக்குச் சொன்னவள் நான். சேற்றில் அவள் கால் வைக்கிறாள், சோற்றில் யார் கை வைக்கிறோம்? கழியில் கையால் தடவிப் பிழைக்கும் பெண்களையும் மீனவர் என்று எழுதி அட்டை கொடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். மூன்றாவது, சாப்பாடு. மீனும் சோறும் ஒரே தட்டில் வைத்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து... வேண்டாம், அதைத் தொட்டால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். மனுவில் இதுவரை 340 கையெழுத்து வந்திருக்கிறது, 500 வேண்டும். தாள் வாசலில், சுண்டல் வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டல் எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள், போன தடவை மூன்று போயிற்று. வணக்கம்.