ஆஸ்பத்திரி கரண்ட் வேலைன்னா பல்பு மாத்துறது இல்லம்மா

[ஸ்க்ரீன்ல: பழைய வண்ணாரப்பேட்டை தெரு, சாயங்காலம்]

வணக்கம் மக்களே. எங்க தெருவுல ஒரு தம்பி டிப்ளமோ ட்ரிபிள்ஈ, அதாவது எலக்ட்ரிக்கல் எலக்ட்ரானிக்ஸ் படிப்பு முடிச்சிட்டு, ஒரு ஆஸ்பத்திரில எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் வேலை கெடச்சிருக்குன்னு ஸ்வீட் பாக்ஸோட வந்தான், அவங்க அம்மா முகம் மட்டும் வாடிப்போய் இருந்துச்சு, "பல்பு மாத்துறதுக்கா தம்பி இவன இவ்ளோ கஷ்டப்பட்டு படிக்க வெச்சேன்"ன்னு என்கிட்டயே கேட்டுட்டாங்க. அன்னைக்கு அவங்க வீட்டு வாசப்படில உக்காந்து ஒரு மணி நேரம் சொன்னேன் பாருங்க, அதத்தான் இப்ப உங்களுக்கும் சொல்றேன்.

ஒரு கம்பெனில கரண்ட் போச்சுன்னா மெஷின் நிக்கும், நஷ்டம், திட்டு, அவ்ளோதான். ஆஸ்பத்திரில நம்ம இழுத்த ஒயரோட அந்த முனைல ஒரு ஆள் படுத்திருக்காரு. இந்த வேலைல இருக்குற எல்லா ரூலும், எல்லா டெஸ்ட்டும் இதுலேர்ந்துதான் வருது, இத புரிஞ்சிக்கிட்டவன் மேல போயிட்டே இருப்பான், புரியாதவன் இருவது வருஷம் ஆனாலும் ட்யூப்லைட்தான் மாட்டிக்கிட்டு இருப்பான்.

[ஸ்க்ரீன்ல: ட்ரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து பெட் வரைக்கும் ஒரு கோடு]

ஈபி கரண்ட் போனதும் என்ன நடக்குதுன்னு பாப்போம். ஏஎம்எஃப் பேனல்னு ஒண்ணு இருக்கும், அது ரெண்டு மூணு செகண்ட் பாத்துட்டு, சரி நெஜமாவே போயிடுச்சுன்னு ஜென்செட்ட, அதாவது ஜெனரேட்டர, கிராங்க் பண்ணும், பேட்டரி வெச்சி சுத்தி ஸ்டார்ட் பண்றதுதான் அது, வோல்டேஜ் ஏறுனதும் லோட, கரண்ட் இழுக்குற எல்லாத்தயும், அதுக்கு மாத்தி விடும். முக்கியமான எடத்துக்கெல்லாம் 15 செகண்டுக்குள்ள கரண்ட் வந்துடணும்னு ஐஈசிங்குற சர்வதேச ஸ்டாண்டர்டு சொல்லுது. ஆனா ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர் தலைக்கு மேல எரியுதே அந்த லைட்டு, அதுக்கு அரை செகண்டுதான் டைம், அதனாலதான் நடுவுல யூபிஎஸ் வெக்கிறோம். ஐசியூல சிவப்பு கலர் சாக்கெட் பாத்திருப்பீங்க, பல ஆஸ்பத்திரில அது யூபிஎஸ் லைன். அதுல எவனாவது மொபைல் சார்ஜரோ வாட்டர் ஹீட்டரோ சொருகுனா எனக்கு வயித்த கலக்கும். சிஸ்டருங்ககிட்ட சண்ட போடாம, இது எதுக்காக இருக்குன்னு பொறுமையா சொல்லிக் குடுக்குறதும் நம்ம வேலைதான்.

என் மொத நைட் ஷிஃப்ட்ட சொல்றேன். நம்ம ஏரியா பக்கம் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி, பேரு வேணாம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கரண்ட் போச்சு, ஜென்செட் டக்குனு ஒரு சத்தம் குடுத்துட்டு நின்னுடுச்சு, மறுபடி டக்கு, மறுபடி டக்கு, மூணு தடவ ட்ரை பண்ணிட்டு பேனல்ல ஃபால்ட் லைட் எரியுது. எனக்கு கை நடுங்குது. மேல ஐசியூல யூபிஎஸ் ஓடுது, எவ்ளோ நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியல, அதான் என்ன ரொம்ப பயமுறுத்துச்சு. சீனியர் அண்ணன் லுங்கிய மடிச்சி கட்டிட்டு ஓடி வந்தாரு, டார்ச்ச பேட்டரி மேல அடிச்சாரு, டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா உப்பு பூத்து கெடக்கு. பேனல் மீட்டர்ல 12.6 வோல்ட் காட்டுது, பாத்தா நல்ல பேட்டரி மாதிரிதான் இருக்கும், கிராங்க் பண்ணா மட்டும் அப்டியே படுத்துடுது. கேன்டீன்லேர்ந்து கொதிக்கிற தண்ணி வாங்கி ஊத்தி, கிளாம்ப்ப கழட்டி உப்புத்தாள் போட்டு தேச்சி, டைட் பண்ணி சாவி போட்டாரு, ஒரே அடில ஸ்டார்ட் ஆச்சு. அப்றம் என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "இந்த பேட்டரிய கடைசியா எப்படா லோடு குடுத்து பாத்தீங்க?" லாக் புக்ல தினமும் ஓகே ஓகேன்னு டிக் அடிச்சிருந்தாங்க. சும்மா வோல்டேஜ் பாக்குறது செக்கிங் இல்ல, கிராங்க் பண்ணும்போது பாக்கணும், மாசத்துக்கு ஒரு தடவயாவது ஜென்செட் மேல நெஜ லோடு போட்டு ஓட்டணும். அன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அந்த டக்கு சத்தம் இன்னும் காதுலயே இருக்கு.

அடுத்தது ஓடி, அதாவது ஆபரேஷன் தியேட்டர். இது எனக்கு ரொம்ப புடிச்ச சப்ஜெக்ட், கொஞ்சம் நீளமா சொல்வேன், ஸ்கிப் பண்ணாதீங்க. நம்ம வீட்டுல ஆர்சிசிபின்னு ஒரு சேஃப்டி ஸ்விட்ச் இருக்கும், 30 மில்லி ஆம்ப் லீக் ஆனா ட்ரிப் ஆயிடும், வீட்டுக்கு அது போதும். ஆனா ஹார்ட்டுக்குள்ள கத்தீட்டர்ங்குற மெல்லிசு குழாய் விட்டிருக்குற பேஷன்ட்டுக்கு தோலோட தடுப்பு கெடையாது, நேரா இதயத்துக்கே கரண்ட் போற வழி இருக்கு. அந்த மாதிரி இதயத்தோட நேரடியா சேர்ற கருவி நல்லா இருக்கும்போது 10 மைக்ரோ ஆம்புக்கு மேல லீக் ஆகக் கூடாதுங்குறது லிமிட். 30 மில்லி ஆம்ப்னா 30,000 மைக்ரோ ஆம்ப், கணக்கு போட்டுப் பாருங்க, மூவாயிரம் மடங்கு வித்தியாசம்!

இன்னொரு பிரச்சனயும் இருக்கு. நெஞ்ச பொளந்து வெச்சிருக்கும்போது ஒரு மெஷின்ல சின்ன லீக்குன்னு ஆர்சிசிபி ட்ரிப் ஆனா, அந்த லைன்ல இருக்குற எல்லாமே நின்னுடும், அதுவே ஆபத்து. அதனால ஓடிக்கு ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுறோம். சாதாரண சப்ளைல நியூட்ரல் எர்த்தோட கட்டியிருக்கும், அதனாலதான் லைவ்வ தொட்டா நம்ம உடம்பு வழியா மண்ணுக்கு ஓடுது. இந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஒயருமே எர்த்தோட கட்டாம தனியா நிக்கும், மொத ஃபால்ட் வந்தாலும் கரண்ட் போறதுக்கு சரியான வழி கெடையாது, சப்ளையும் கட் ஆகாது. அதுக்கு பதிலா இன்சுலேஷன் மானிட்டர்னு ஒண்ணு அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல இருக்குற தடுப்ப பாத்துக்கிட்டே இருக்கும், அது 50 கிலோ ஓம்முக்கு கீழ எறங்குனா கத்தும். அது கத்துனா சும்மா மியூட் பண்ணிட்டு போறவங்கள பாத்திருக்கேன், மனசு ஆறல. ஆபரேஷன் முடிஞ்சதும் போய், கடைசியா சொருகுன மெஷின்லேர்ந்து ஆரம்பிச்சி ஒண்ணொண்ணா கழட்டிப் பாத்தா எதுல ஃபால்ட்டுன்னு தெரிஞ்சிடும். இந்த ஒரு விஷயத்த தெளிவா பேசத் தெரிஞ்சா இன்டர்வியூல உங்கள மாதிரி ஆள் கெடைக்க மாட்டாங்க.

தீ விபத்து பத்தியும் சொல்லாம விட முடியாது. 2024 நவம்பர்ல ஜான்சில பச்சக் கொழந்தைங்க ஐசியூல தீ புடிச்சிச்சே, அந்த நியூஸ் பாத்துட்டு அன்னைக்கு நான் தூங்கல. ஆக்சிஜன் அதிகமா இருக்குற எடத்துல, வெளில சும்மா அணைஞ்சி போற ஒரு தீப்பொறிகூட பத்திக்கிட்டு எரியும். ஒயர் முனைல மாட்டுற லக் ஒண்ணு லூஸா இருக்குறது, ஒரே போர்டுல மூணு எக்ஸ்டென்ஷன், இதெல்லாம் அங்க சின்ன தப்பு இல்ல.

[ஸ்க்ரீன்ல: காசிமேடு கடற்கர, துருப் புடிச்ச பேனல்]

நம்ம ஊரு பக்கம் கூடுதல் தலவலி வேற. ராயபுரம், காசிமேடு ஓரமா இருந்தா உப்புக்காத்து, பேனலுக்குள்ள கரண்ட் போற பட்டையான பஸ்பாரையும் லக்கையும் தின்னுடும், தெர்மல் கேமரா வெச்சி சூடு எங்க ஏறுதுன்னு பாக்கணும். அத்திப்பட்டுல வட சென்னை அனல் மின் நிலையத்துல மொத ரெண்டு ஸ்டேஜ்லயே 1,830 மெகாவாட்டுக்கு மெஷின் இருக்கு, ஆனா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அதே வட சென்னைல எத்தன தெரு இருட்டுல கெடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி நாள்ல கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னா ஜென்செட்டுக்கு டீசல் கொண்டு வர்ற வண்டி எப்டி வரும்? 125 கேவிஏ ஜென்செட்டு முக்கால் லோடுல மணிக்கு சுமார் 20 லிட்டர் குடிக்கும், 300 லிட்டர் டேங்க்னா 15 மணி நேரம், அவ்ளோதான். மழ வர்றதுக்கு முன்னாடியே இந்த கணக்க போட்டு மேனேஜ்மென்ட் டேபிள்ல வெக்கிறவன்தான் இன்ஜினியர். ஜென்செட்ட பேஸ்மென்ட்ல வெக்காதீங்கன்னு சத்தம் போட்டு சொல்றவனும் அவன்தான்.

சரி, எப்டி உள்ள வர்றது? ஐடிஐ எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷம் முடிச்சாலும் வரலாம், டிப்ளமோ, பிஈயும் வரலாம், டிப்ளமோ முடிச்சவங்க லேட்டரல் என்ட்ரில பிஈ ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம். ஆனா தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்துல வயர்மேன் இல்லனா சூப்பர்வைசர் தகுதிச் சான்று வாங்குறத தள்ளிப் போடாதீங்க, ஹெச்டி, அதாவது உயர் அழுத்த சப்ளை இருக்குற பெரிய ஆஸ்பத்திரில அந்தப் பேப்பருக்கு மதிப்பே தனி. நம்ம ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரில எலக்ட்ரிக்கல் வேலைய பொதுப்பணித்துறையோட மின் பிரிவு பாக்குது, அதுக்கு உதவிப் பொறியாளரா போகணும்னா டிஎன்பிஎஸ்சி எழுதணும், அடிப்படைச் சம்பளமே 37,700லேர்ந்து ஆரம்பிக்குது. தனியார்ல ஆரம்பச் சம்பளம் கம்மிதான், மறைக்க மாட்டேன், ஆனா ஆஸ்பத்திரி தரத்துக்குக் குடுக்குற என்ஏபிஹெச் அங்கீகாரம் வாங்கணும்னா கட்டட வசதி, பாதுகாப்புக்குன்னே அதுல ஒரு அத்தியாயம் இருக்கு, அந்த ரெக்கார்டு எல்லாம் ஒழுங்கா வெச்சிருக்குற ஆள அவங்க சுலபமா விட மாட்டாங்க. மருத்துவக் கருவிங்கள பாத்துக்குற பயோமெடிக்கல் இன்ஜினியரோட நல்லா பழகிக்கோங்க, சாக்கெட் வரைக்கும் நம்ம பொறுப்பு, அதுக்கு மேல அவங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற அந்த ப்ளக்தான் யாரும் பாக்காம விடுற எடம்.

வேலைல சேந்த மொத வாரம் யாரும் கேக்காமயே ஒண்ணு செய்ங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் யார்டுலேர்ந்து மெயின் பேனல், அங்கேர்ந்து ஃப்ளோர் பேனல், எம்சிபி இருக்குற டிபி பெட்டி, கடைசில ஐசியூ ஒண்ணாம் நம்பர் பெட் சாக்கெட் வரைக்கும் நடந்து போய், எந்த எம்சிபி எதுக்குன்னு ஒரு நோட்டுல கையாலயே படம் வரைங்க. ஆபீஸ்ல இருக்குற ட்ராயிங்க நம்பாதீங்க, நடுவுல எவ்ளோ மாத்தியிருப்பாங்கன்னு நடந்தாத்தான் தெரியும். அந்தத் தம்பிக்கு நான் வாங்கிக் குடுத்ததும் அந்த நோட்டுதான், கெட்டி அட்ட போட்டது, மழைல நனையாம இருக்க ஒரு பிளாஸ்டிக் கவரும் சேத்து. அவங்க அம்மாவே அதுக்கு மஞ்சள் பொட்டு வெச்சி குடுத்தாங்க.