பழைய மெஷின்ல நெட் கணக்கு 4 ஜிபி தாண்ட மாட்டேங்குதே, ஏன்?

அடுத்த கேள்வி மன்னார்குடியிலேருந்து. வீடுகளுக்கு நெட் கனெக்‌ஷன் கொடுக்குறவர். "சார், பழைய பென்டியம் 4 மெஷின்ல 32 பிட் லினக்ஸ் போட்டு கேட்வேயா (எல்லா வீட்டு நெட்டும் இது வழியாத்தான் போகும்) ஓட்டுறேன். ஐஎஃப்கான்ஃபிக் (லேன் கார்டு கணக்கைக் காட்டுற கமாண்ட்) அடிச்சா ஆர்எக்ஸ் பைட்ஸ், அதாவது உள்ள வந்த டேட்டா, 3.9 ஜிபி வரைக்கும் ஏறுது, திடீர்னு சில எம்பிக்கு இறங்கிடுது. லேன் கார்டு போயிடுச்சா?"

கார்டு நல்லாத்தான் இருக்கு, மாத்திடாதீங்க. அந்த பழைய கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) பைட் கணக்கை 32 பிட்லதான் வச்சிருக்கு. அதுல கொள்ற பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அடுத்த பைட் வந்தா பூஜ்ஜியம், திரும்ப முதல்லேருந்து ஏறும். கரண்ட் போய் ரீபூட் ஆனாலும் பூஜ்ஜியம்தான், அதனால மெஷின் எவ்வளவு நேரமா ஓடுதுன்னு காட்டுற அப்டைம் கமாண்டை அடிச்சுப் பாருங்க. மெஷின் நாள் கணக்கா ஓடிட்டு இருக்குன்னா சுத்திதான் வந்திருக்கு.

வீட்டு ஈபி மீட்டர் 99999 தாண்டி சுத்திட்டா ரீடிங் எடுக்குறவர் என்ன பண்ணுவார்? மிச்சத்தைக் கூட்டிக்குவார். இங்கயும் அதேதான். முன்னாடி 420 கோடி, இப்ப 10 கோடின்னா, சுத்துறதுக்கு முன்னாடி ஒம்பதரை கோடி, பின்னாடி 10 கோடி, ஆக கிட்டத்தட்ட 195 எம்பி. ஆனா ரெண்டு ரீடிங்குக்கு நடுவுல ஒரு தடவை சுத்தினாத்தான் இந்தக் கணக்கு. ரெண்டு தடவை சுத்திட்டா கண்டுபிடிக்கவே முடியாது.

100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்துல போனா 343 செகண்டுல ஒரு சுத்து. கிகாபிட்ல வெறும் 34 செகண்டு! நெட் கணக்கை கிராஃபா போடுற எம்ஆர்டிஜி சாஃப்ட்வேர் வழக்கமா 5 நிமிஷத்துக்கு ஒருக்காதான் படிக்குது, கிகாபிட்ல அதுக்குள்ள எத்தனை சுத்து போயிருக்கும், யோசிச்சுப் பாருங்க. 100 எம்பிபிஎஸ் கார்டுன்னா க்ரான்ல (குறிச்ச நேரத்துல வேலையைத் தானா ஓட்டுற லினக்ஸ் வசதி) நிமிஷத்துக்கு ஒருக்கா எடுத்து வைங்க, போதும். ஸ்விட்ச்சுலேருந்து எஸ்என்எம்பில (நெட்வொர்க் கருவிகள்கிட்ட கணக்கு கேக்குற முறை) எடுத்தா வெர்ஷன் 2சி போட்டு, உள்ள வர்ற பைட்டை 32 பிட்ல எண்ணுற இஃப்இன்ஆக்டெட்ஸை விட்டுட்டு இஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸைக் கேளுங்க, அது 64 பிட். வெர்ஷன் 1-ல அது வராது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். இந்த ஐஎஃப்கான்ஃபிக் எண்ணை வச்சு யாருக்கும் பில் போடாதீங்க. 40 ஜிபி ஓட்டினவருக்கும் ஒண்ணரை ஜிபி கூடக் காட்டாது, கம்மியா ஓட்டினவர் ஏமாந்து போவார்.

நிரந்தரத் தீர்வு 64 பிட் கெர்னல்தான். கிகாபிட்ல இடைவிடாம ஓட்டினாலும் அந்த கவுண்டர் நிரம்ப 4,600 வருஷத்துக்கு மேல ஆகும். பின்னாடி வந்த சில பென்டியம் 4 மாடல்களே 64 பிட் தாங்கும். ப்ராசஸர் விவரம் இருக்குற ப்ராக் சிபியூஇன்ஃபோ ஃபைலைத் திறந்து ஃப்ளாக்ஸ் வரியில 'எல்எம்'னு (64 பிட் தாங்கும்னு அர்த்தம்) இருக்கான்னு பாருங்க. இருந்தா வேற மெஷின் வாங்க வேண்டாம், 64 பிட் லினக்ஸை அதுலயே போட்டுடலாம்.