வளர்ப்பு எலிக் கூடத்துக்குள்ள வெளி எலி வராம இருக்க என்ன செய்யணும்?

[காட்சி: ஜிங்க் கூரையும் செங்கல் சுவரும் சேருற இடம், கீழேயிருந்து]

வணக்கம். இந்த இடத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. செங்கல் சுவர் இங்க முடியுது, அதுக்கு மேல ஜிங்க் தகரம் உட்கார்ந்திருக்கு. தகரம் அலை அலையா இருக்கிறதால ஒவ்வொரு அலைக்கு அடியிலயும் ஒரு பொந்து. கட்டைவிரலை விட்டா தாராளமா போகும். கட்டைவிரல் போற பொந்துல எலியும் போகும். இந்தச் சுவர் நீளத்துக்கு எத்தனை அலை இருக்கோ, அத்தனை வாசல் திறந்து கிடக்குன்னு அர்த்தம்.

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுன்ல, வீட்டுக்குப் பின்னாடி ஸ்டோர் போட்டு வெள்ளை எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர் வளர்க்கிறவங்க இருக்கீங்க. சிலர் பாம்புத் தீனிக்கு, சிலர் பெட் கடைக்கு, சிலர் பிள்ளைங்க கேட்டாங்கன்னு. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை, அதான் எண்ணெய்ப்பனைத் தோட்டம். எல்லாரும் பூனைக்கும் சாவாங்கிற மலைப்பாம்புக்கும்தான் பயப்படுறீங்க. அதுங்களை விடப் பெரிய தொல்லை, வெளியில திரியிற எலிதான்.

[காட்சி: செம்பனை மட்டை இடுக்கு, லோங்காங் (சாக்கடை) ஓரம், வீட்டுக் கூரை]

யார் வர்றாங்கன்னு தெரிஞ்சாத்தான் எங்க அடைக்கிறதுன்னு தெரியும். செம்பனை மர மட்டை இடுக்குல கூடு கட்டி, பழத்தைத் தின்னுக்கிட்டு இருக்கிறது ராட்டஸ் தியோமானிகஸ்னு ஒரு எலி ஜாதி. அதுபாட்டுக்குத் தோட்டத்துல இருக்கும். கிழட்டு மரத்தைச் சாய்ச்சு மறுநடவு நடக்கும்போது இருந்த இடம் போயிடும், அப்ப வீட்டுப் பக்கம் வரலாம். வீட்டுக் கூரையில ஓடுறது இன்னொரு ஜாதி, ஒல்லியா, வால் நீளமா இருக்கும். சுவர், பைப், ஒயர் எதுல வேணும்னாலும் ஏறும். லோங்காங்ல இருக்கிற தடியன் மண்ணைத் தோண்டி வரும். கடைசியா வீட்டுச் சுண்டெலி. அதுக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர்.

ராத்திரி யாரையும் பார்க்க முடியாது, காலையில புழுக்கையைப் பாருங்க. ரெண்டு முனையும் கூரா, ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருந்தா கூரை எலி. அதை விடப் பெருசு, முனை மழுங்கல்னா லோங்காங் எலி. அரிசியை விடச் சின்னதா சிதறிக் கிடந்தா சுண்டெலி. சந்தேகமா இருந்தா, சுவர் ஓரமா முகப்பவுடரைத் தூவிட்டுத் தூங்கப் போங்க. காலையில கால் தடமும், நடுவுல வால் இழுத்த கோடும் தெரியும். எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சிடும்.

"தோட்டத்துலதான் ஆந்தைப் பெட்டி வச்சிருக்காங்களே" அப்படின்னு கேப்பீங்க. உண்மைதான். செம்பனைத் தோட்டங்கள்ல கூகை ஆந்தைக்குப் பெட்டி வச்சு எலியைக் குறைக்கிற வேலை பல வருஷமா நடக்குது. ஆனா ஆந்தை வேட்டையாடுறது திறந்த வெளியில. உங்க ஸ்டோர் உள்கூரைக்குள்ள நுழைஞ்சு அது எலி பிடிக்காது.

சரி, உள்ள வந்தா அப்படி என்ன கெட்டுப் போகுது? சிந்துன தீனியைத் தின்னுட்டுப் போகும், அவ்வளவுதானேன்னு நினைக்கிறவங்கதான் அதிகம். தீனி போறது இதுல சின்ன நஷ்டம். ராத்திரி கூண்டு மேல ஏறி, வலை வழியா உள்ள இருக்கிற எலியோட விரலையும் வால் நுனியையும் கடிச்சிடும். சுண்டெலி வளர்க்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம், பெரிய எலி சுண்டெலியைக் கொன்னே தின்னும். குட்டி போட்ட தாய் மிரண்டா தன் குட்டியையே தின்னுடும்.

கூண்டைத் தொடாமலேயே கெடுதல் பண்றதும் உண்டு. 1959-ல ஹில்டா புரூஸ்னு ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் எழுதினாங்க: புதுசா சினைப்பட்ட பெண் சுண்டெலிக்குப் பழக்கமில்லாத ஆணோட வாசனை பட்டாலே கரு தங்காமப் போகலாம். குட்டி ஏன் குறையுதுன்னு தீனியை மாத்தி மாத்திப் பார்க்கிறவங்க, முதல்ல கூரையைப் பாருங்க.

நோய் தனிக்கதை. வெளி எலி மூத்திரத்துல லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். நாம எலிச் சிறுநீர் நோய்னு சொல்றது இதைத்தான். மலேசியாவுல 2010-ல இருந்து இது சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். கொண்டு வர்ற எலி நோஞ்சானா இருக்காது, கொழுகொழுன்னு திரியும். அப்புறம் எலி உண்ணி. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத புள்ளி மாதிரி இருக்கும். எலி மேலயே ஒட்டிக்கிட்டு இருக்காது, கூட்டுலயும் பலகை இடுக்குலயும் ஒளிஞ்சிருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், உங்களையும் கடிக்கும். 2017-ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் வீட்டுல வளர்த்த எலிகள்கிட்ட இருந்து சியோல் வைரஸ் மனுஷங்களுக்குப் பரவுச்சு. அது வெளியில திரியிற லோங்காங் எலி ஜாதியோட வைரஸ். நம்ம வெள்ளை எலியும் அதே ஜாதிதானே, அதான் சுலபமா ஒட்டிக்குது.

[காட்சி: கால் இஞ்ச் கம்பி வலை, பக்கத்துல கோழி வலை]

இப்ப வேலைக்கு வருவோம். ஹார்ட்வேர் கடையில "தவுக்கே, வலை குடுங்க"ன்னு கேட்டா கோழி வலையைத்தான் எடுத்துக் குடுப்பாரு. வேண்டாம். அதோட கண்ணுல சுண்டெலி நடந்தே போகும். கால் இஞ்ச் சதுரக் கண், வெல்டிங் வச்ச, துரு பிடிக்காத வலையா கேளுங்க. விலை கூடத்தான். ஆனா வருஷா வருஷம் எலிப் பொறிக்கும் மருந்துக்கும் அள்ளிக் கொடுக்கிற காசை ஒரு தடவை இதுல போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

முதல்ல அந்த அலைப் பொந்து. வலையை ஒரு சாண் அகலத்துக்கு நீளப் பட்டையா வெட்டி, L வடிவத்துல மடிங்க. ஒரு பக்கம் சுவர்ல, வாஷர் போட்ட ஆணியில. இன்னொரு பக்கம் தகரத்துக்கு அடியில, அலையோட வளைவுக்கு ஏத்த மாதிரி விரலால அமுக்கி அமுக்கி உட்கார வைக்கணும். அவசரப்பட்டா நடுவுல ஒரு அலை தப்பிடும், எலி அந்த ஒண்ணைத்தான் தேடிக் கண்டுபிடிக்கும். முடிச்சதும் பகல்லயே உள்ள போய்க் கதவைச் சாத்தி நில்லுங்க. எங்க வெளிச்சம் கோடு போடுதோ அங்க இன்னும் வேலை இருக்கு.

ஸ்ப்ரே பண்ணா உப்புற ஃபோமை மட்டும் நம்பாதீங்க. எலி அதைக் கடிச்சுத் துப்பிடும். பைப் நுழையிற ஓட்டையில பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை இறுக்கித் திணிச்சு மேல சிமெண்ட் பூசுங்க. சாதா இரும்புச் சுருள் நம்ம ஈரத்துக்குத் துருப்பிடிச்சு உதிர்ந்திடும். கதவு அடியில தகரம் அடிங்க, தரைக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு பென்சில்கூட நுழையக்கூடாது. தண்ணி வெளியேற ஓட்டை வச்சிருந்தா அதுக்கும் வலை. தரை மண்ணா இருந்தா சிமெண்ட் போடாம வேற வழியே இல்ல. கூரையைத் தொடுற ரம்புத்தான் கிளையை வெட்டுங்க, பழம் போனாலும் பரவாயில்ல.

ஆனா ஒரு விஷயம். எலிக்குப் பயந்து எல்லாத்தையும் அடைச்சிட்டீங்கன்னா உள்ள இருக்கிறது வெந்து செத்துடும். எலிக்கு நம்மள மாதிரி வேர்க்காது, வால் வழியாத்தான் சூடு இறங்கும். 32 டிகிரிக்கு மேல போனா திணற ஆரம்பிக்கும். மத்தியானம் ஜிங்க் கூரைக்குக் கீழ அந்தச் சூடு சர்வ சாதாரணம். மூத்திர நெடி தேங்குனா நுரையீரல் வேற கெடும். அதனால சின்னச் சின்ன ஓட்டையை அடைச்சிட்டு, எதிரெதிர் சுவர்ல பெரிய ஜன்னலா வச்சு முழுக்க அந்தக் கால் இஞ்ச் வலையை அடிங்க. காத்து போகட்டும், எலி வேண்டாம். ஒரு சுவர்க் காத்தாடியும் போட்டா இன்னும் நல்லது.

உள்ள கூண்டு விஷயம் சுருக்கமா. பலகைக் கூண்டு வேண்டாம், மூத்திரத்தை உறிஞ்சும், இடுக்குல உண்ணி குடி இருக்கும். பிளாஸ்டிக் தொட்டின்னா வழவழ பக்கத்தைக் கடிக்க எலிக்குப் பிடி கிடைக்காது, விளிம்புலதான் பல்லை வைக்கும். விளிம்புக்குத் தகரம் மடிச்சு விடுங்க. தீனியைச் சதுர பிஸ்கட் தகர டின்ல போட்டு மூடுங்க. மரத்தூள் எங்க இருந்து வாங்குறீங்கன்னு யோசிங்க. மரக்கடை வாசல்ல குவிச்சு வச்ச தூள் மேல ராத்திரி எந்த எலி ஓடுச்சோ தெரியாது. மூட்டை கட்டி, வாய் ஒட்டி விக்கிறதா பார்த்து வாங்குங்க.

[காட்சி: சுவர் ஓரம் மரப்பெட்டிக்குள்ள அடிப்பொறி]

மருந்து வைக்கலாமான்னு கேக்கிறவங்களுக்கு, ஸ்டோர் பக்கத்துல வைக்காதீங்க. ரத்தம் உறையாம பண்ற மருந்தைத் தின்ன எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். மருந்துக் கட்டியைத் தூக்கிட்டுப் போய் உங்க கூண்டு மேலயே போட்டுட்டுப் போகும். அப்புறம் உள்கூரையில செத்துக் கிடக்கும். பிணத்துல இருந்து இறங்குற உண்ணிக்கு அடுத்த வீடு எது? கீழ இருக்கிற உங்க எலிதான். அந்தத் தள்ளாடுற எலியைப் பிடிச்ச ஆந்தைக்கும் விஷம் ஏறும்.

பொறிதான் சரி. ஆனா எலிக்குப் புதுசா எதைப் பார்த்தாலும் சந்தேகம். முதல் சில ராத்திரி பொறியை நிமித்தாம, சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ மட்டும் வைங்க. தின்னு பழகட்டும். அப்புறம் நிமித்துங்க. சுவரை ஒட்டி, வாய் சுவரைப் பார்த்த மாதிரி. உங்க எலி ஒண்ணு தப்பி வெளியில திரிஞ்சா அதுக்கும் அடி விழும், அதனால பொறியைக் கூண்டு அறைக்கு வெளியிலதான் வைக்கணும். பசை அட்டையை நான் சொல்லவே மாட்டேன், அது சாகுற வரைக்கும் படுற பாடு பார்க்க முடியாது.

ஒவ்வொரு நாளும் முதல்ல உங்க எலிகளைக் கவனிச்சு முடிச்சிட்டு, கடைசியாப் பொறிப் பக்கம் போங்க. மாத்திப் பண்ணா வெளிக் கிருமியை நீங்களே உள்ள தூக்கிட்டு வர்றீங்க. கையுறை போடுங்க. புழுக்கை கிடந்தா காஞ்சபடி கூட்டாதீங்க, தூசி மூக்குல ஏறும். ஒரு பங்கு குளோராக்ஸ் ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து நனைச்சு, கொஞ்ச நேரம் விட்டுத் துடைங்க.

அப்படியும் ஒண்ணு உள்ள வந்து போயிடுச்சுன்னா, அது தொட்ட கூண்டுகளைத் தனி இடத்துக்கு மாத்துங்க, மூணு நாலு வாரம் வெளியில எதையும் விக்காதீங்க. தும்மல், கண்ணோரம் சிவப்புக் கசிவு, சிலுத்த முடி இருந்தா மிருக டாக்டர்கிட்ட காட்டுங்க. தப்பிச்சு ஓடி, ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்த உங்க சொந்த எலிக்கும் இதே தனி அறைதான்.

வீட்டுல யாருக்காவது திடீர்னு காய்ச்சல், கெண்டைக்கால்ல கடுமையான வலி, கண் சிவப்பு வந்தா, டெங்கியாத்தான் இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க. கிளினிக்ல உட்கார்ந்ததும் முதல் வார்த்தையா, "டாக்டர், வீட்டுல எலி வளர்க்கிறோம், பின்னாடி செம்பனை"ன்னு சொல்லுங்க. அது எலிச் சிறுநீர் நோயா இருந்தா மருந்து இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா கேக்கும்.