அடுப்பெரிய எழுதியவர்

நண்பர்களே, வணக்கம்.

சார்லட் ஸ்மித் என்ற ஆங்கிலக் கவிஞர், நாவலாசிரியையின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். சரி, இரண்டு கை. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் என்று கேட்டிருந்தால் அரங்கமே தூக்கியிருக்கும். அந்த வேர்ட்ஸ்வொர்த் 1791-ல், பிரான்சுக்குக் கப்பலேறப் போகும் வழியில், இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனில் இந்தச் சார்லட்டைத் தேடிப் போய்ப் பார்த்தார். ஆங்கிலக் கவிதை இவருக்குப் பட்ட கடனை யாரும் ஒப்புக்கொள்ளவோ நினைவில் வைக்கவோ போவதில்லை என்று பிற்பாடு எழுதியும் வைத்தார். அப்படியேதான் ஆயிற்று.

1749-ல் லண்டனில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் பெஞ்சமின் ஊதாரி. மகனின் லட்சணம் தெரிந்த மாமனார், சொத்து பேரப்பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று வக்கீல் துணையில்லாமல் தானே உயில் எழுதினார். வினை அங்கேதான் வந்தது. 1776-ல் அவர் கண்ணை மூடியதும், 36,000 பவுண்டு சொத்து, உயில் வழக்குகளை இழுத்தடிக்கும் சான்சரி நீதிமன்றத்தில் போய் மாட்டிக்கொண்டது.

1783 கடைசியில் கடனுக்காகப் பெஞ்சமினைக் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் போட்டார்கள். மனைவியும் கூடப் போய்த் தங்கினார். கணவர் விடுதலையாகும் முன்பே, சார்லட் கைக்காசு போட்டு 'எலிஜியாக் சானெட்ஸ்' என்ற கவிதை நூலைக் கொண்டுவந்தார். சானெட் என்பது பதினான்கு வரிப் பா. ஏறக்குறைய வழக்கொழிந்து கிடந்த அந்த வடிவம் இவரால் மறுபடி தளிர்த்தது.

1787-ல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கணவரை விட்டு வெளியேறினார். மறுவருஷம் 'எம்மலின்' நாவல். 1,500 பிரதிகள் சில மாதங்களில் தீர்ந்தன. அப்புறம் பத்து வருஷத்துக்குள் மொத்தம் பத்து நாவல்கள்! காசுக்கு எழுதினார் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆமாம், காசுக்குத்தான் எழுதினார். அதில் என்ன குறை? சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுடையது. பிரிந்த பிறகும் பெஞ்சமின் அதில் கை வைத்தார். முன்னுரைக்கு முன்னுரை இவர் வக்கீல்களைத் திட்டினார். ஒரு நாவலில் வரும் வக்கீலுக்கு வாம்பயர், அதாவது ரத்தம் குடிக்கும் பேய், என்றே பெயர் வைத்தார்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. இவர் பிள்ளைகளுக்காகப் போராடிய சொத்தில் கரீபியன் தீவான பார்படோஸின் தோட்டங்களும் அங்கிருந்த அடிமைகளும் அடக்கம். அடிமை முறையைக் கண்டித்து எழுதிய கைதான் அந்தப் பணத்துக்கும் காத்திருந்தது. இதை என்னால் சமாதானப்படுத்திச் சொல்ல முடியவில்லை.

இவர் கவிதைகளில் எனக்குப் பிடித்தது மிடில்டன் இடுகாட்டைப் பற்றியது. சசெக்ஸ் கரையோர ஊர் அது. கடல் ஏறி ஏறி இடுகாட்டுச் சுவரைத் தின்றுவிட்டது. கல்லறைகள் பிளந்து, எலும்புகள் சிப்பிகளோடும் கடற்பாசியோடும் கலந்து அலையடிக்கும் இடத்தில் வெளுத்துக் கிடக்கின்றன. இதைப் பார்த்து இவர் பயப்படவில்லை, பொறாமைப்படுகிறார். இந்த இரைச்சல் அவர்கள் காதில் விழாது, நான்தான் இன்னும் வாழ்க்கைப் புயலில் அடிபட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறார். நீதிமன்ற வாசலில் வருஷக்கணக்காக நின்றவருக்கே அந்தப் பொறாமை புரியும்.

கடைசிக் காலத்தில் கைவிரல்கள் வாதத்தில் மடங்கிப் பேனா பிடிக்கவே சிரமப்பட்டார். தன் புத்தகங்களையும் விற்றார். 1806-ல் இறந்தார். வழக்கு தீர்ந்தது 1813-ல்.

மிடில்டனின் அந்தப் பழைய தேவாலயத்தையும் பின்னாளில் கடல் கொண்டது.